மூன்றாம் மாடியில் தங்கிவிட்ட குரைப்பு

வெல்லம் என்கிற நாயைப் பகல்நேரக் காப்பகத்தில் விட்ட முதல் நாளே, அதன் குரைப்பு மட்டும் கூடப் போகாமல் வீட்டிலேயே தங்கிவிட்டது. எங்கள் பூமாலை அடுக்ககத்தில் இருபத்து நான்கு வீடுகள். அன்று மாலை ஐந்து நாற்பதுக்கு மூன்றாம் மாடியில் பூட்டிக் கிடந்த வீட்டுக்குள்ளிருந்து நாய் குரைப்பதை அத்தனை வீட்டுக்காரர்களும் கேட்டார்கள், கேட்ட கையோடு எனக்குத்தான் போன் செய்தார்கள், ஏனென்றால் சங்கத்தின் செயலாளர் நான், அந்த நாய் குரைக்கக் கூடாதென்று மூன்று கடிதம் எழுதி லிஃப்ட் பக்கத்தில் ஒட்டியவனும் நான்.

நான் சென்னியப்பனுக்குப் போன் போட்டேன். கணபதி பகுதியில் மோட்டாருக்குக் காயில் கட்டுகிற பட்டறை வைத்திருப்பவர், அந்த வீட்டுக்காரர், அந்த நாய்க்கும் சொந்தக்காரர்.

"ஏனுங்க சென்னியப்பன், நாயக் கொண்டு போய் விட்டாச்சுன்னு காலைல சொன்னீங்களே?"

"விட்டுட்டனுங்களே. ஏழு மணிக்குத்தான் போய்க் கூட்டியாறோணும்."

"அப்ப உங்க வீட்ல கொரைக்கறது யாருங்க?"

அவர் பட்டறையை அப்படியே போட்டுவிட்டு வந்தார். பூட்டைத் திறந்தபோது நான் பின்னால் நின்றிருந்தேன். கூடத்தில் சோபா இருந்தது, சுவரில் மாலை போட்ட படம் இருந்தது, நாய் இல்லை. வாசற்படிக்கு உள்ளே, முழங்கால் உயரத்தில், ஒன்றுமே இல்லாத இடத்திலிருந்து குரைப்பு மட்டும் வந்தது: இரண்டு குட்டையாக, ஒன்று நீளமாக, அந்த நீளமானது முடிகிற இடத்தில் கொஞ்சம் மேலே ஏறி. மூன்று கடிதம் எழுதினவனுக்கு அது தெரியாதா? எங்கள் கால்களைச் சுற்றியது, பால்கனிக்கு ஓடிக் கீழே பார்த்துக் குரைத்தது, திரும்பவும் வாசலுக்கே வந்தது. சென்னியப்பன் செருப்பைக் கழற்றிவிட்டு, "இருடா, இருடா, வந்துட்டேன்" என்று வழக்கம்போலச் சொன்னார். நானும் செயலாளர் சொல்ல வேண்டியதைச் சொன்னேன், நாலாவது கடிதம் எழுத வைத்துவிடாதீர்கள் என்று.

இனி, சுவரில் இருக்கிற படத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். படத்தில் இருப்பவர் சென்னியப்பனின் மனைவி சுகந்தி, ஒரு பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியை. கழுத்தில் விசில், தலையில் தொப்பி, குரலில் எப்போதும் ஒரு அதட்டல், அந்த அதட்டலுக்குள்ளேயே ஒரு சிரிப்பு. குப்பைத்தொட்டி ஓரத்தில் கிடந்த குட்டியை எடுத்து வந்து, நிறத்தைப் பார்த்து வெல்லம் என்று பேர் வைத்ததும் அவர்தான். தினமும் பிள்ளைகளுக்குப் பயிற்சி முடித்து, சரியாக ஐந்து நாற்பதுக்கு ஸ்கூட்டரில் வந்து நிற்பார். மூன்றாம் மாடியில் வெல்லம் இரண்டு குட்டையும் ஒன்று நீளமுமாகக் குரைக்கும். அவர் படியேறிப் போய்க் கதவைத் திறந்ததும் நிறுத்திக்கொள்ளும். ஆனி மாதத்தில் ஒரு நாள் மத்தியானம் மைதானத்தில் வைத்து மயங்கி விழுந்தவர் கண் திறக்கவில்லை. நாற்பத்தாறு வயது.

எங்கள் பக்கத்தில் அடுக்ககத்துக்காரர்கள் அடுக்ககத்தில் வாழ்வார்களே தவிர, காரியம் என்று வந்தால் எல்லாம் சொந்த ஊரில்தான். ஆஸ்பத்திரியிலிருந்து தாராபுரம் பக்கம் அவர்கள் ஊருக்கு வண்டி கிளம்பும் முன்னால் சென்னியப்பன் எனக்குப் போன் செய்தார். "ஒரு பத்து நிமிசம் வீட்டுக்குக் கொண்டாந்துட்டுப் போலாங்களா? நாய் இருக்குதுங்க" என்றார். "லிஃப்ட்ல படுக்க வெச்சுக் கொண்டு போக முடியாதுங்க, மூணு மாடி தூக்கோணும், கொழந்தைங்க பாத்துப் பயந்துக்கும், நேரா ஊருக்கே போயிருங்க" என்றேன் நான். சொன்னது அத்தனையும் உண்மைதான். ஆனால் கீழே வண்டி நிறுத்துகிற இடத்தில் பத்து நிமிடம் வைத்திருக்க லிஃப்ட் எதற்கு, நாயைக் கீழே கூட்டி வந்திருக்கலாமே என்பது எனக்குத் தோன்றியபோது தாராபுரத்தில் எல்லாம் முடிந்திருந்தது.

முப்பதாம் நாள் காரியம் கும்பிட்ட பிறகு, கீழே நிற்கிற ஸ்கூட்டரைப் பார்க்க மனசு வரவில்லை என்று சென்னியப்பன் சாவியை என்னிடம் கொடுத்தார். "உங்க பொண்ணு ஓட்டட்டுங்க, சும்மா நின்னா வண்டி கெட்டுப் போயிரும்." என் மகள் இலக்கியா அன்று முதல் அதில்தான் கல்லூரிக்குப் போகிறாள், நூலகத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வருகிறாள். அதே வாரம்தான் வெல்லம் மாலை நேரத்தில் மறுபடியும் குரைக்க ஆரம்பித்தது. ஆரம்பித்தால் சென்னியப்பன் எட்டு மணிக்கு வருகிற வரைக்கும் விடாது. நாய்க்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்றார்கள். நான் கடிதம் எழுதினேன். மூன்றாவது கடிதத்தைப் படித்துவிட்டு அவர் வடவள்ளி தாண்டி மலையடிவாரத்தில் தென்னந்தோப்புக்குள் இருக்கிற நாய்க் காப்பகத்தைத் தேடிப் போனார்.

ஆக, நாய் தினமும் போனது, குரைப்பு தினமும் இருந்தது.

நாங்கள் கூட்டம் போட்டோம். வளர்ப்புப் பிராணிகள் அமைதியாக இருக்க வேண்டும் என்பது விதி, ஆனால் பிராணி காப்பகத்தில் அமைதியாகத்தானே இருக்கிறது, பிறகு விதியை மீறுவது யார் என்று இரண்டாம் மாடியில் இருக்கிற ஓய்வுபெற்ற வங்கி மேலாளர் கேட்டார், ஒன்றரை மணி நேரம் பேசி, போண்டா தின்று, கடைசியில் 'மூன்றாம் மாடி விஷயம்: பார்த்துக்கொள்ளலாம்' என்று குறிப்பேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டோம். பார்த்துக்கொண்டும் இருந்தோம். சென்னியப்பன் வீட்டில் கூட்டிப் பெருக்குகிற மாரக்காள், தான் பெருக்கும்போது அது காலுக்குள் வந்து சன்னமாகக் குரைக்கிறது என்றும், தள்ளிப் போ சாமி என்றால் தள்ளிக்கொள்கிறது என்றும் சொன்னாள். கிண்ணத்தில் தண்ணீர் வைத்தாள், தண்ணீர் குறையவில்லை, ஆனாலும் நாள் தவறாமல் மாற்றினாள். முதல் மாடியில் ஒருவர் குரைப்பைக் கேட்டுச் சர்க்கரை மாத்திரை போட்டார். கீழ்வீட்டில் குரைப்புக்குக் குக்கர் வைத்தார்கள். பிள்ளைகள் குரைப்புக்கு மட்டையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடினார்கள். புதிதாக வாடகைக்கு வருகிறவர்களிடம், தண்ணீர்ப் பிரச்சினை இல்லை, மின்சாரப் பிரச்சினை இல்லை, சாயங்காலம் நம்ம குரைப்பு ஒன்று உண்டு, பழகிவிடும் என்று காவலாளியே சொல்ல ஆரம்பித்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் சத்தம் வராது. அன்றைக்கு, என் கடிதத்தில் முதல் கையெழுத்துப் போட்டவர்களே மாடிப்படியில் நின்று மேலே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

மூன்று மாதம் இப்படிப் போனது. ஒரு நாள் சாப்பிடும்போது இலக்கியா கேட்டாள்.

"அப்பா, ஞாயித்துக்கெழமை ஏன் கொரைக்கறதில்லைன்னு தெரியுமா?"

"அதுக்கும் லீவாட்ட இருக்குது."

அவள் சிரிக்கவில்லை. "ஞாயித்துக்கெழமை நான் வண்டி எடுக்கறதில்லப்பா. நேத்து வேணும்னே பஸ்ல போயிட்டு வந்தேன். நேத்து கொரைக்கல. இன்னிக்கு வண்டில வந்தேன், நான் ஸ்டாண்டு போடறதுக்குள்ள ஆரம்பிச்சிருச்சு. அந்த மிஸ் வந்துட்டாங்கன்னு நெனச்சுக்குதுப்பா. அவ்வளவு சந்தோசமாக் கொரைக்குது. எனக்குத் தாங்கல."

பைத்தியம் பிடித்த நாய் என்று மூன்று கடிதத்திலும் எழுதியிருந்தேன். அது தினமும் அவரை வரவேற்றுக் குரைத்து, வந்தவர் படியேறி மேலே வராமல் எங்கே நிற்கிறார் என்று தெரியாமல், எட்டு மணி வரைக்கும் கூப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறது.

வண்டியை விற்றுவிடலாம் என்று சொல்வதற்காக மறுநாள் ஐந்தரைக்கு மூன்றாம் மாடிக்குப் போனேன். அந்த நேரத்துக்குச் சென்னியப்பன் பட்டறையில் இருப்பார், கதவில் சீட்டு வைத்துவிட்டு வரலாம் என்று நினைத்துத்தான் போனேன். கதவு திறந்திருந்தது. அவர் கூடத்தின் நடுவில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, வாசலைப் பார்த்து, முகம் கழுவி, வெள்ளைச் சட்டை போட்டு உட்கார்ந்திருந்தார்.

"உக்காருங்க திருமூர்த்தி. இப்ப வரும்" என்றார்.

உட்கார்ந்தேன். கீழே ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. பின்னால் நம்பர் பலகை லேசாக ஆடுகிற அந்தக் கடகட சத்தம். உடனே வாசற்படியில் குரைப்பு துள்ளியது, பால்கனிக்கு ஓடியது, வாசலுக்கு வந்தது, மறுபடி ஓடியது. சென்னியப்பனின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்ததை நான் பார்த்தேன். அந்த மனிதர் அப்போது சந்தோஷமாக இருந்தார். அதைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.

"டெய்லி அஞ்சரைக்கே வந்தர்றனுங்க" என்றார், என்னைப் பார்க்காமல். "நாய ஏழு மணிக்குத்தான் போய்க் கூட்டியாறது. அது வந்துட்டா இது அடங்கிருதுங்க. இந்த ஒண்ணர மணி நேரந்தான்... இந்த ஊர்லயே இது ஒண்ணுதாங்க அவ வருவான்னு இன்னும் நம்பிட்டிருக்குது. கூட உக்காந்தா எனக்கும் கொஞ்ச நேரம் அப்படித் தோணுது."

வண்டியை விற்கலாம் என்று எழுதி வந்த சீட்டை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டேன். அப்போதுதான் அவருடைய போன் அடித்தது. காப்பகத்திலிருந்து பேசினார்கள். வெல்லத்தை இன்னொரு நாய் கடித்துவிட்டது.

என் காரில் போனோம். தென்னந்தோப்பில் இருபது முப்பது நாய்கள் ஓடிக்கொண்டிருந்தன, காப்பகத்தை நடத்துகிற ஆக்னஸ் வெல்லத்தின் காதுக்கு மருந்து போட்டுக் கட்டிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் அது வாலை ஆட்டி வாயைத் திறந்தது, இரண்டு குட்டையாக, ஒன்று நீளமாகத் திறந்து மூடியது. சத்தம் இல்லை.

"இவன் இங்க நல்லா இருக்கானான்னு கேட்டா, நல்லாத்தான் இருக்கான் சார்" என்றார் ஆக்னஸ். "ஓடறான், சாப்புடறான், மத்தியானம் தூங்கறான். ஆனா நாய்ங்க வெளையாடறப்ப ஒண்ணுக்கொண்ணு சொல்லிக்கும், போதும், விட்ருன்னு உறுமிக்கும். இவனும் சொல்றான், சத்தம் வரல. அந்தப் பெரிய நாய்க்கு என்ன தெரியும்? வெளையாட்டுன்னு நெனச்சு விடாமக் கடிச்சிருச்சு. இன்னிக்குக் காது, நாளைக்குக் கழுத்தா இருந்தா என்ன பண்றது?"

"இதுக்கு முன்னாடி இந்த மாதிரி வந்திருக்குதுங்களா?" என்று கேட்டேன்.

"வரும் சார். ஒரு குட்டை மூக்கு நாய் கொறட்டைய வீட்ல வெச்சிட்டு வந்துது, ஒரு வாரத்துல தானா வந்து சேந்துக்கிச்சு. இன்னொண்ணு வாலாட்டறத விட்டுட்டு வந்துது. மூணு மாசம் எதுவும் நின்னதில்ல." அவர் ஒரு கோப்பைத் திறந்து, சேர்க்கும்போது சென்னியப்பன் நிரப்பிக் கொடுத்த படிவத்தை எடுத்தார். மற்ற நாய்களோடு பழகுமா, இடிச் சத்தத்துக்குப் பயப்படுமா, தனியாக விட்டால் என்ன செய்யும் என்று வரிசையாகக் கேள்விகள், எல்லாவற்றுக்கும் கட்டைக் கையெழுத்தில் பதில்கள். ஒன்று மட்டும் காலியாக இருந்தது. 'உங்கள் நாய் வீட்டில் யாருக்காகக் காத்திருக்கும்?'

"இத எழுதாம விட்டுட்டீங்க. அன்னிக்கே நான் கேட்டிருக்கணும், என் தப்பு" என்றார் ஆக்னஸ். "எல்லா நாய்க்கும் இந்த எடம் ஒத்து வராது சார். ஒண்ணு இவன முழுசாக் கூட்டிட்டு வாங்க, இல்ல முழுசா வீட்லயே வெச்சுக்குங்க. பாதி நாய என்னால பாத்துக்க முடியாது. இது சரியா வருமான்னு நீங்கதான் முடிவு பண்ணணும்."

"யாருக்குச் சரியா வருமான்னு கேக்கறீங்க?" என்றார் சென்னியப்பன்.

ஆக்னஸ் படிவத்தைக் கோப்புக்குள் வைத்தார். "நாய்க்குத்தான் சார். நாங்க நாய்ங்களத்தான் சேத்துக்கறோம்."

திரும்பி வரும்போது வெல்லம் பின் இருக்கையில், கட்டுப் போட்ட காதோடு, ஜன்னலுக்கு வெளியே போகிற மாடுகளைப் பார்த்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டே வந்தது. மருதமலைச் சாலையைத் தாண்டினோம். பிறகு சென்னியப்பன் சொன்னார்.

"அவ போயிட்டான்னு எனக்கு டாக்டர் சொன்னாருங்க. நான் ஒறம்பரை, சொந்தபந்தம் எல்லாத்துக்கும் போன் போட்டுச் சொன்னேன். பால்காரருக்குக்கூடச் சொன்னேன். அதுக்கு மட்டும் யாருமே சொல்லலீங்க."

"நாந்தானுங்க லிஃப்ட்டு அது இதுன்னு..." என்று ஆரம்பித்தேன்.

"நீங்க சொன்னீங்க, நானும் சரின்னேனுங்களே" என்றார். "நாளைக்கு ஒரு நாளைக்கு வண்டிச் சாவி வேணுங்க."

மறுநாள் இலக்கியா பேருந்தில் வந்தாள். விஷயம் எப்படியோ பரவி, ஐந்தரைக்கெல்லாம் எல்லா வீட்டுக் கதவும் திறந்திருந்தது. படிக்கட்டு நெடுக ஆட்கள், கரண்டியோடு, மாத்திரையோடு, கைக்குழந்தையோடு. மாரக்காள் வேலை முடிந்தும் போகாமல் மூன்றாம் மாடிக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள். ஐந்து நாற்பதுக்கு ஸ்கூட்டர் கடகடவென்று உள்ளே நுழைந்தது. சென்னியப்பன் சுகந்தியின் நீல ஹெல்மெட்டைப் போட்டிருந்தார், முன்னால் கால் வைக்கிற இடத்தில், சுகந்தி ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார வைத்துச் சுற்றுவாரே அதே மாதிரி, வெல்லம் உட்கார்ந்திருந்தது.

மேலே குரைப்பு கிளம்பியது. முதல் முறையாகக் கதவு திறந்திருந்ததால் அது படியிறங்கியது. மூன்றாம் மாடியில் கேட்டது, இரண்டாம் மாடியில் கேட்டது, வங்கி மேலாளர் காலை ஒதுக்கிக்கொண்டு வழிவிட்டார், முதல் மாடியில் பிள்ளைகளின் கால்களுக்கு நடுவில் புகுந்து வந்தது, ஒவ்வொரு வீட்டுக்காரரும் தன் முழங்காலுக்குப் பக்கத்தில் அந்தச் சந்தோஷம் துள்ளிக்கொண்டு போவதைக் கேட்டார்கள், கேட்டவர்கள் எல்லாரும் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அது கீழே வந்து வண்டியைச் சுற்றிச் சுற்றிக் குரைத்தது. சென்னியப்பன் ஹெல்மெட்டைக் கழற்றினார்.

குரைப்பு நின்றது.

அவர் தரையில் மண்டியிட்டு உட்கார்ந்தார். "வெல்லம்" என்றார், நாயைப் பார்த்தும் பக்கத்தில் காலியாக இருந்த இடத்தைப் பார்த்தும். "நான்தான்டா வந்திருக்கேன். அம்மா வரமாட்டாடா. ஆனி மாசமே போயிட்டாடா. உன்கிட்டச் சொல்லாம விட்டுட்டோம், தப்புத்தான். இனிமேட்டு வரமாட்டா சாமி." இதைச் சொல்லும்போது அவர் அழவில்லை; நாங்கள்தான் அழுதோம். காலியான இடத்திலிருந்து சின்ன முனகல் ஒன்று எழுந்து, வண்டியின் சீட்டுப் பக்கம் போய், ஹெல்மெட்டின் பக்கம் போய், கடைசியில் நாயின் பக்கம் வந்து அடங்கியது. வெல்லம் தொண்டையில் எதையோ விழுங்கியது. பிறகு தலையைத் தூக்கி ஊளையிட்டது, மூன்று மாதத்துச் சத்தம் அத்தனையும் சேர்த்து, ஒரே மூச்சில், நீளமாக. நாங்கள் யாரும் அதை நிறுத்தச் சொல்லவில்லை. அது தானாக நிறுத்தியதும், சென்னியப்பனின் கையை நக்கிவிட்டு, தண்ணீர் குடிக்கப் போனது.

மறுநாள் அவர் படிவத்தில் காலியாக இருந்த இடத்தில் 'யாருக்காகவும் இல்லை' என்று எழுதிக் கொடுத்தார். வெல்லம் இப்போது வாரத்தில் நான்கு நாள் காப்பகத்துக்கு முழு நாயாகப் போகிறது. அந்தப் பெரிய நாயை ஒரு உறுமலில் உட்கார வைத்துவிடுகிறது என்று ஆக்னஸ் சொன்னார். ஸ்கூட்டர் சத்தம் கேட்டால் வெல்லம் காதைக்கூட அசைப்பதில்லை. முதல் மாடிக்காரர் இரண்டு நாள் மாத்திரை போட மறந்துபோனார், கீழ்வீட்டில் கடிகாரம் வாங்கி மாட்டினார்கள், அவ்வளவுதான் என்று நானும் நினைத்தேன்.

ஆனால் அந்த முதல் வாரத்திலேயே இலக்கியா ஸ்டாண்டு போடும்போது மூன்றாம் மாடியில் கதவு திறக்கிற சத்தம் கேட்டிருக்கிறது. நான் மேலே ஏறிப் போய்ப் பார்த்தேன். சென்னியப்பன் வெள்ளைச் சட்டையோடு வாசலில் நின்று படிக்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

என்னைக் கண்டதும் கூச்சப்பட்டார். "ஒண்ணுமில்லீங்க. வண்டிச் சத்தம் கேட்டுது" என்றார்.

"வண்டிய வித்தர்றனுங்க" என்றேன். "எனக்கும் மனசு கேக்கல."

"வேண்டாங்க" என்றார், அவசரமாக. "புள்ள ஓட்டட்டும்."

இது நடந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. போன ஞாயிற்றுக்கிழமை, கல்லூரி இல்லை, நூலகம் இல்லை, ஐந்தேகாலுக்கு இலக்கியா சாவியை எடுத்தாள்.

"எங்க கண்ணு கெளம்பிட்ட?"

"சும்மா ஒரு சுத்துப்பா" என்றாள், என் முகத்தைப் பார்க்காமல். எத்தனை ஞாயிற்றுக்கிழமையாக இப்படிப் போகிறாள் என்று நான் கேட்கவில்லை. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஐந்து நாற்பதுக்குக் கடகட சத்தம் கீழே வந்து நின்றது, மூன்றாம் மாடியில் கதவு திறந்தது.